குறுக்கே உயர்ந்த கைகள்

ஆர்லன் டாக்கெட் வேலை கேட்டு வந்த அன்று, டாய்ல் மல்லின்ஸ் அவருடைய கையைப் பிடித்து நசுக்கினார். உடை மாற்றும் அறையில் இருந்த அனைவருக்கும் அதன் பொருள் விளங்கியது. மல்யுத்தக்காரர்கள் தங்களுக்குள் கைகுலுக்கும்போது அழுத்துவதில்லை. உள்ளங்கை பட்டும் படாமலும் தொட்டு விட்டுவிடுவார்கள். கோதாவில் உன் உடம்பு என் கையில் இருக்கும், அதை நோகாமல் வைத்திருப்பேன் என்று சொல்லாமல் சொல்லும் முறை அது. இறுக்கிப் பிடிப்பது வெளியாளுக்கு. வாழ்நாளெல்லாம் இத்தொழிலில் கழித்த ஆர்லனுக்கு அன்று வெளியாளின் கை கிடைத்தது.

"வலிக்குதுப்பா, டாய்ல்."

"வலிக்கட்டும்னுதான் பிடிச்சேன்."

டாய்ல் மறு கையில் ஊன்றுகோல் வைத்திருந்தார். அந்த ஊன்றுகோலுக்கும் ஆர்லனுக்கும் உள்ள தொடர்பு கென்டக்கியின் கிழக்குக் கோடியில் இருக்கும் எங்கள் மாவட்டத்தில் அனைவரும் அறிந்ததே. நான் டாய்லின் மல்யுத்த நிறுவனத்தில் மணி அடிப்பவன். பகலில் அஞ்சல் பட்டுவாடா. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் கோதாவின் ஓரத்தில் என் மேசை. எனவே நடந்தவற்றை அருகிலிருந்து பார்த்தேன்.

ஆர்லனும் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். இளமையில் அவரும் கோதாவில் இறங்கினார். நான்கு ஆண்டுகள் எல்லோரிடமும் தோற்றார். அவரை அதிக முறை தோற்கடித்தவர் டாய்ல். தோற்பதில் ஆர்லனுக்கு வருத்தம் இருக்கவில்லை. காரணமின்றித் தோற்பதுதான் அவரை உறுத்தியது.

"இன்னைக்கு நான் ஏன் தோக்கிறேன்?" என்று ஒருநாள் அப்போதைய முதலாளியிடம் கேட்டார்.

"அவன் உன்னைவிடப் பெரிய ஆளு."

"அது காரணம் இல்லீங்க, அது எடை."

அறையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்காமல், "அப்ப நீயே ஒரு காரணம் சொல்லேன்" என்றார். ஆர்லன் சொன்னார். அன்று முதல் மற்றவர்களுக்கும் அவரே சொல்லலானார். யார் வெல்வது, யார் வீழ்வது, யார் யாரை எதற்காக வெறுப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தன. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம் அவரைக் கதை எழுத அழைத்துக்கொண்டது.

அங்கே அவர் செய்த நன்மையை மறைக்கக் கூடாது. அதுவரை பெயர்கூடச் சொல்லப்படாமல் உதைபட்டுப் போன கடைநிலை ஆட்களுக்கும் அவர் ஆளுக்கொரு கதை கொடுத்தார். அவர்கள் தெருவில் போனால் மக்கள் பெயர் சொல்லி அழைத்தார்கள். பிறகு வந்ததுதான் வம்பு. மல்யுத்தம் எழுதி நடத்தப்படுவது என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே, "எழுதாத ஒண்ணைத்தான் ஜனங்க நம்புவாங்க. அப்ப எழுதாத மாதிரி இருக்கிறதை எழுதுவோம்" என்பது அவருடைய கொள்கையாயிற்று. ஒருவனுடைய மணமுறிவைக் கதையாக்கினார். இன்னொருவனின் குடிப்பழக்கத்தை மேடையேற்றினார். பழைய ஆட்கள் ஏசினார்கள். பார்ப்பவர் எண்ணிக்கை ஏறியது.

கடைசியாக, எவரும் தொடாத ஒன்றைத் தொட்டார். கோதாவில் ஒருவனுக்கு மெய்யாகவே அடிபட்டால், நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் காட்டுவார். நடிப்பு நின்றது, மருத்துவரை அனுப்பு என்பது அதன் பொருள். தொழிலில் இருந்த ஒரே உண்மை அந்தச் சைகை. ஆர்லன் அதையும் கதையில் எழுதினார். நடுவர் கைகளைக் குறுக்கே வைத்தார், தாங்குபடுக்கை வந்தது, பார்வையாளர்கள் அழுதார்கள். அடுத்த வாரம் அடிபட்டவன் எழுந்து வந்து எதிரியை நாற்காலியால் அடித்தான். நாடே அதைப் பேசியது. சின்னஞ்சிறு ஊர்களில் நடக்கும் மல்யுத்தத்திலெல்லாம் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் டாய்ல் தம் சொந்த நிறுவனத்தின் கோதாவில், கயிற்றின் மேலிருந்து பிடரி தரையில் மோத விழுந்தார். எங்கள் நடுவர் ஹோபர்ட் கைகளைக் குறுக்கே உயர்த்தினார். ஒருவரும் வரவில்லை. திரைக்குப் பின்னால் இருந்தவர்கள், "பரவாயில்லையே, நம்ம ஆளும் டாக்கெட் வித்தையைப் போடுறாரே" என்று ரசித்தார்கள். வாசலில் நின்ற ஆம்புலன்ஸ்காரர் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார். எதிராளி, ஆட்டம் தொடர்கிறது என்று நினைத்து, விழுந்தவரைத் தூக்கி மறுபடியும் போட்டான். டாய்லின் இடது கால் அதன்பின் அவர் சொல் கேட்கவில்லை.

தொலைக்காட்சியில் ஆர்லனின் மவுசும் விரைவில் குறைந்தது, வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பினார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. மீண்டும் கதை எழுத வேண்டும், அதையும் டாய்லிடமே எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். டாய்ல் இசையவில்லை. நிறுவனத்தின் வரவு செலவைப் பார்த்த அவர் மனைவி நெவாதான் குறுக்கிட்டார்.

"நாற்காலி போட ஆள் வேணும். வர்றியா?"

"வர்றேன்."

தொலைக்காட்சியில் பெயர் வாங்கியவர், எங்கள் ஆட்டங்கள் நடக்கும் காவல்படைக் கூடத்தில் மடக்கு நாற்காலிகளை வரிசைப்படுத்தினார். எங்கள் கோதாவில் வில்லனாக வரும் டெரல், பொரித்த பலோனி இறைச்சி வைத்த சாண்ட்விச்சைக் கடித்தபடி கேட்டான்:

"ஏன் டிவிக்காரரே, இந்த நாற்காலிக்கு என்ன சோகக்கதை எழுதப் போறீங்க?"

"அதுல நீ உக்காரப் போறே, டெரல். அதைவிட என்ன சோகம் வேணும் அதுக்கு?"

டெரலின் பருத்த உருவத்தை அறிந்தவர்கள் அடக்க முடியாமல் சிரித்தார்கள். டாய்ல்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டம் குறைந்துகொண்டே போன ஒரு மாதத்தில், முதல் ஆட்டத்தை மட்டும் எழுத நெவா ஆர்லனுக்கு இடம் கொடுத்தார். அந்த ஆட்டத்துக்கு உரிய இருவரும் சோம்பேறிகள். ஆர்லன் அவர்களுக்குக் கொடுத்த காரணம் சிறியது: ஒருவன் மற்றவனின் டிரக்கை இரவல் வாங்கி, பெட்ரோல் தொட்டியைக் காலியாக்கித் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு மைத்துனன் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. இரண்டாம் முறையே, "பெட்ரோல் போடுடா!" என்று கூடம் முழுவதும் கத்தியது. நான்காம் முறை முடிந்ததும் டாய்ல் ஆர்லனை அழைத்தார்.

"முழுசும் நீயே எழுது. ஒரே ஒரு நிபந்தனை."

"தெரியும். குறுக்குக் கை எந்தக் காலத்திலும் என் கதையில வராது."

"வந்துச்சுன்னா..."

"வராது டாய்ல்."

எல்லோரையும் நிறுத்தி வைத்து ஆர்லன் அதை அறிவித்தார். இனி அந்தச் சைகையைக் கண்டால் அது உண்மை. ஆட்டம் அங்கேயே நிற்கும். ஆம்புலன்ஸ்காரர் ஓடி வர வேண்டும் என்றார். அனைவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர் நகர்ந்ததும் டெரல் கண்ணடித்தான்.

"புரியுதா? இப்பவே அடித்தளம் போடுறாரு. வராது வராதுன்னு ஒரு வருஷம் சொல்லிட்டு, பெரிய ஆட்டத்தன்னைக்குக் கொண்டுவருவாரு பாரு. என்ன மூளைடா மனுஷனுக்கு!"

இத்தொழிலில் ஊறியவர்களுக்கு இயல்பாக வரும் பிழை அது. ஆர்லன் எத்தனை முறை சத்தியம் செய்தாரோ, அத்தனை முறையும் அந்த நம்பிக்கை அவர்களிடம் வலுத்தது. டாய்ல் எதையும் வெளியே காட்டவில்லை. ஆனால் ஆட்டம் நடந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆர்லனின் கையை இறுக்கியே பிடித்தார்.

அந்த ஆண்டு ஆர்லன் எழுதிய கதை எங்கள் ஊரின் மரக்கடையில் வேலை பார்க்கும் சிப் காம்ப்ஸ் என்ற இளைஞனைப் பற்றியது. டெரலிடம் அவன் பன்னிரண்டு மாதங்களும் தோற்றான். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் முந்தியதைவிட அநியாயமானது. கடைத்தெருவில் டெரலுக்குக் காப்பி ஊற்றவே சிலர் மறுத்தார்கள். கோடைக் கடைசியில் நடக்கும் பெரிய ஆட்டத்தில் சிப் வென்று, வெற்றியாளருக்குரிய பெல்ட்டை வாங்குவான். இது ஆர்லன், மல்லின்ஸ் தம்பதி, ஆடும் இருவர், நடுவர் ஆகியோர் மட்டும் அறிந்த முடிவு. அன்று காவல்படைக் கூடத்தில் நிற்கவும் இடமில்லை.

ஆட்டத்தின் நடுவே சிப் கயிற்றின் மேலிருந்து பாய்ந்தான். டெரல் அவனைத் தாங்கியிருக்க வேண்டும்; வியர்வையில் கை வழுக்கியது. சிப் தலை முன்னாக விழுந்து அசையாமல் கிடந்தான். ஹோபர்ட் குனிந்து ஏதோ கேட்டார். பின் நிமிர்ந்து இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தார்.

டெரலின் முகத்தில் மெல்லிய புன்னகை படர்ந்ததைக் கண்டேன். தனக்கும் சொல்லாமல் ஆர்லன் எழுதிவைத்த திருப்பம் அது என்று எண்ணி, அவன் திரையின் பக்கம் பார்த்துத் தலையசைத்தான். திரைக்குப் பின்னால் நடந்ததைப் பிறகு நெவா சொல்லக் கேட்டேன்.

"அடப்பாவி மனுஷா, கடைசியில போட்டுட்டியே!" என்று ஒருவன் ஆர்லனின் முதுகில் தட்டினான்.

"நான் எழுதலை."

"ஆமாமா, நீ எழுதலை." எல்லோரும் சிரித்தார்கள்.

"ஐயோ, நெசமாத்தான் சொல்றேன்! நான் எழுதலைடா!"

"குரலைப் பாரு! டிவியில நீயே நடிச்சிருக்கலாம்."

ஆர்லன் டாய்லைப் பார்த்தார். டாய்ல் ஆர்லனைப் பார்த்தார். அது கதையா உண்மையா என்று டாய்லுக்கும் தெரியவில்லை. சொல்லால் எதையும் மெய்ப்பிக்க முடியாத இடத்துக்கு ஆர்லன் வந்து சேர்ந்திருந்தார். அதற்குள் கோதாவில் டெரல், ஆட்டத்தைத் தொடர எண்ணிச் சிப்பின் இடுப்பைப் பற்றிக் குனிந்தான். ஹோபர்ட் அவனைத் தள்ள முயன்றார். டெரல் அதையும் கதை என்றே எடுத்துக்கொண்டான்.

ஆர்லன் திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். நாற்காலி போடும் சட்டையுடன் என் மேசைக்கு வந்து, அறிவிப்பாளரின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தார்.

"டெரல், கையை எடு! எல்லாரும் கேளுங்க. நான்தான் இந்தக் கதையை எழுதுறவன். இன்னைக்குச் சிப் ஜெயிக்கிறதா எழுதியிருந்தேன். டெரல் நாற்காலியைத் தூக்குவான், அது கயித்துல பட்டு அவன் தலையிலேயே விழும், சிப் அவனை அமுக்குவான், பெல்ட்டு சிப்புக்கு. அதுதான் முடிவு. ஒரு வருஷமா அதுக்காகத்தான் இந்தப் பையனைத் தோக்கடிச்சேன். அதை இப்பச் சொல்லிட்டேன். இனி அதை வச்சு நான் எதுவும் பண்ண முடியாது. இப்பக் கிடக்கிறவன் நெசமாவே அடிபட்டுக் கிடக்கிறான்."

டெரலின் கை விலகியது. கூட்டம் அறியாததை அவன் அறிவான். ஓர் எழுத்தாளன் தன் கதையில் எதை வேண்டுமானாலும் பொய்யாக்குவான். ஓர் ஆண்டு வளர்த்த முடிவை, அது நடப்பதற்கு முன் தன் வாயாலேயே போட்டு உடைக்க மாட்டான். டெரல் முழந்தாளிட்டு, "அசையாதடா தம்பி, அசையாத, நான் இங்கதான் இருக்கேன்" என்றான். பன்னிரண்டு மாதங்கள் வெறுக்கப்பட்ட வில்லன், எல்லோருக்கும் எதிரில் அழுதான். ஆர்லன் என்னைப் பார்த்தார். நான் மணியை அடித்து ஆட்டத்தை முடித்தேன். ஆம்புலன்ஸ்காரர் கோதாவுக்குள் தாவினார். அவருக்கு முன்னால், ஊன்றுகோலைத் திரைக்குப் பின்னாலேயே விட்டுவிட்டுக் காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தவர் டாய்ல்.

கூட்டத்தில் சிலர் ஊளையிட்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து திரும்பி, "வாயை மூடுங்கடா" என்றாள். அதன்பின் ஊளை நின்றது.

சிப்புக்குக் கழுத்தெலும்பில் விரிசல், நரம்புக்கு ஊறில்லை. ஆடாமல் அசையாமல் தூக்கி வந்ததால் பிழைத்தான், ஓராண்டில் பழையபடி ஆவான் என்று லெக்சிங்டன் நகர மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த ஆட்டம். ஆர்லன் முன்னதாகவே வந்து நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். முடிவைச் சொல்லிவிட்ட எழுத்தாளனுக்கு இனி எழுத்து வேலை கிடையாது என்று அவராகவே தீர்மானித்திருந்தார். டாய்ல் வந்தார், கையை நீட்டினார். ஆர்லன் வலிக்கு ஆயத்தமாகத் தம் கையைக் கொடுத்தார். டாய்லின் விரல்கள் பட்டும் படாமலும் தொட்டு விலகின. அது என்னவென்று ஆர்லனுக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று. அவர் தம் உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றார்.

"என்னய்யா பாக்கிறே? நாற்காலியை வேற யாராவது போடட்டும். சிப் வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் டெரல் ஏன் ஜெயிக்கிறான்னு யோசி."

"அவனை இனிமே யாரும் வெறுக்க மாட்டாங்களே, டாய்ல். அழுதுட்டானே."

"அது உன் கஷ்டம்."

அருகில் நின்ற டெரல், "நான் வேணும்னா யாரோட டிரக்கையாவது இரவல் வாங்கவா?" என்று கேட்டான்.

அந்த ஓராண்டில், எங்கள் மலைப்பகுதியின் மற்றக் குழுக்களும் குறுக்குக் கையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டன. யாரும் ஒப்பந்தம் எழுதவில்லை. எங்கள் கூடத்தில் நடந்தது வாய்வழியாகப் பரவியது. பரப்பியவர்களில் முதலாமவர் அந்த ஆம்புலன்ஸ்காரர்.

சிப் திரும்பி வரும் ஆட்டத்துக்கு ஆர்லன் புது முடிவு எழுத முயன்றார். பழையது எல்லோருக்கும் தெரியுமே என்றார். டாய்ல் ஒப்பவில்லை. "தெரியும்ல? அதைப் பாக்கத்தான் வர்றாங்க." அவ்வாறே நடந்தது. டெரல் நாற்காலியைத் தூக்கியபோது, அது கயிற்றில் படப்போவது கூடத்தில் இருந்த குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. அனைவரும் முன்கூட்டியே எழுந்து நின்றார்கள். நாற்காலி கயிற்றில் பட்டது, டெரல் சாய்ந்தான், ஹோபர்ட் சிப்பின் ஒரு கையைப் பிடித்து மேலே உயர்த்தினார். நான் மணியை அடித்தேன். ஆரவாரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.