சுரேன் பெயரில் வந்த நிரல்

என்னோடு படிக்கும் சுரேன் ஆய்வுக்கூடத்துக் கணினியின் மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. நான் ஏன் தோற்றேன் என்று அந்த நொடியில்தான் புரிந்தது.

பலரும் சேர்ந்து எழுதும் இயங்குதளமான லினக்ஸின் புதிய பதிப்பு இன்று காலை வந்தது; அதில் எங்கள் பிரிண்டருக்கான நிரல் அவன் பெயரில் இருந்தது. அதே நிரலை நானும் இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும்; ஆனால் நான் யாருக்கும் காட்டவில்லை. அவன் அரைகுறையாகவே லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினான்; மீதியை முகம் தெரியாதவர்கள் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். வயிறு எரிந்தது.

சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் இதே வாசனை, இதே எரிச்சல். பக்கத்து வீட்டு மணியம் அங்கிள் ரேடியோ கெட்டால் பின்பலகையைக் கழற்றி வாசலில் வைப்பார். வேலை முடிந்து வருகிறவர்கள் குனிந்து பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இருட்டுவதற்குள் பாட்டு வந்துவிடும். எங்கள் ரேடியோ அதைவிடப் பெரியது. அது கெட்டபோது அப்பா பூப்போட்ட துணியால் மூடினார்.

"நம்ம செட்ட கண்டவனும் நோண்டக்கூடாது. நானே பாத்துக்கிறேன்."

பார்க்கவே இல்லை. தீபாவளிப் பாட்டை நான் அங்கிள் வீட்டுச் சன்னலோரம் நின்று, பொருமிக்கொண்டே கேட்டேன்.

"உன்னோட நிரல் எங்க?" என்றான் சுரேன்.

"இன்னும் முடியல லா."

"என்னோடதும்தான் முடியல. தமிழ்ல அடிச்சா பாதி எழுத்து காணாம போகுது."

என்னுடையதில் தமிழ் சரியாக வரும். இரண்டாம் பக்கத்தில்தான் நின்றுவிடும். அந்தக் குறையை முதல் வரியிலேயே எழுதி, நிரலை இன்று மாலைக்குள் அதே மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பப்போகிறேன். அவன் பெயருக்குக் கீழேதான் என் பெயர் வரும். இப்போதைக்கு.