லான்சருக்கு நல்ல தண்ணீர்

குடத்தின் கழுத்தைத் தாண்டி ஆள்காட்டி விரலை விடுவார், இரண்டாவது கணு நனையும்வரை. எடுத்ததும் உதற மாட்டார். நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கும்வரை பொறுத்திருந்து, அதை நாக்கின் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பற்களுக்குப் பின்னால் நாக்கை ஒருமுறை ஓட்டுவார். பிறகுதான் தீர்ப்பு. “ம். நல்ல தண்ணி.” குடம் சாயும். காரின் ரேடியேட்டர் மடக் மடக்கென்று குடிக்கும்.

ஜோஸ்பின் அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. திண்டுக்கல்லில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறார். இருபத்திரண்டு வருடமாக இடது பக்க இருக்கை, காலடியில் தனியாக ஒரு பிரேக். பஸ்ஸில் முன்சீட்டு கிடைத்தால் வளைவுகளில் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். “ஊரு சனத்துக்கெல்லாம் ஸ்டியரிங்கக் குடுத்துட்டு நான் ஓரமா உக்காந்திருக்கேன்” என்பார், புகார் போல அல்ல, அறிவிப்பு போல. போன வருடம் வலது பக்க இருக்கை ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அதைச் சுற்றி 1999 மாடல் மிட்சுபிஷி லான்சர் ஒன்றும் இருந்தது.

விற்றவர் நிலக்கோட்டைப் பூ வியாபாரி மூக்கையா. பல வருடம் அந்தக் காரில் அவர் ஏற்றியது மல்லிகை மட்டுமே. நனைத்த சாக்குகளில் கட்டிய பூ, சொட்டிச் சொட்டித் தரைத் தகட்டைத் தின்றுவிட்டது. பின்சீட்டைத் தூக்கினால் கீழே தெரு தெரிந்தது. ஜோஸ்பின் அக்கா துருவை வெட்டி எடுத்தார். பீரோ பட்டறை வைத்திருக்கும் சுருளிவேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டிங் மிஷினோடு வந்து, பீரோவுக்கு வாங்கிய தகட்டையே தரையாகப் பற்றவைத்தார். “யக்கா, இனி இது காரு இல்ல. சக்கரம் வச்ச பீரோ” என்றார். “அப்ப பூட்டும் ஒண்ணு போட்ரு அப்பு” என்றார் அக்கா.

என்ஜின் ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றியது அவரேதான், ஷெட்டுக்குள், போனை ஸ்டூல் மேல் நிறுத்தி வைத்து வீடியோ பார்த்துக்கொண்டே. உக்கடத்துப் பழைய சாமான் கடையிலிருந்து அலாய் வீல்கள் வந்தன. ரிவர்ஸ் கேமரா வந்தது. ஒற்றை மின்விசிறி இருந்த இடத்தில் இரட்டை விசிறி சுழன்றது. ஆனாலும் கால் மணி நேரம் ஓடினால் என்ஜின் கொதித்தது.

காரணம் ரேடியேட்டருக்குள் இருந்தது. மூக்கையா காலமெல்லாம் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார். இந்தப் பக்கத்தில் யாரும் செய்யக்கூடியதுதான். குளிக்க, துவைக்க, மாடு கழுவ எது உண்டோ அதுவே வண்டிக்கும். இட்லிப்பானையின் அடியில் படிவது போல உள்ளே வெள்ளைவெள்ளையாகச் செதில் கட்டியிருந்தது. ஜோஸ்பின் அக்கா இட்லிப்பானைக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார். புளியைக் கரைத்துச் சுடச்சுட ஊற்றி ஊறவைத்தார். “மதினி ரேடியேட்டருக்கு ரசம் வைக்கிறாக” என்று மாடியிலிருந்து தம்பி மனைவி ஐரின் தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

புளித்தண்ணீர் பெயர்த்ததை நல்ல தண்ணீர் விட்டு அலசி வெளியேற்ற வேண்டும். ஒரு நாளில் தீராது. ஞாயிறுதோறும் இரண்டு குடம், மூன்று குடம். உப்பு முழுக்க இறங்கிய பிறகுதான் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்பது அவர் கணக்கு. இங்கே குழாயில் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். அப்படி வந்த ஒரு நாள் தம்பி கிளெமென்ட் படியிறங்கி வந்தான். கிளெமென்ட் அக்காவைவிட ஆறு வயது இளையவன். அப்பா விட்டுப்போன வீட்டில் மாடி அவனுக்கு, கீழ்வீடு அக்காவுக்கு, ஷெட்டும் குழாயும் பொது.

“மனுசன் குடிக்கவே தண்ணியக் காணோம். நீ கழுதையக் குளிப்பாட்டிக்கிட்டிருக்க?”

“என் பங்குத் தண்ணியத்தான ஊத்துறேன்? உன் பங்குல கை வச்சேனா?”

“கேன் வாங்கி ஊத்து.”

“எதுக்கு? கொழா எனக்கும் சேத்துத்தான் வருது.”

கிளெமென்டுக்குக் கோபம் தண்ணீரில் மட்டும் இல்லை. ஷெட்டுக்கு ஷட்டர் போட்டு பிராய்லர் கடைக்கு வாடகைக்கு விட ஆள் பார்த்து வைத்திருந்தான். கடைசியில் அவனே கெடு வைத்தான். கிறிஸ்துமஸுக்குள் கார் கொதிக்காமல் சிறுமலை ஏற வேண்டும். ஏறினால் ஷெட்டு காருக்கு. நடுவில் நின்றால் நின்ற இடத்துக்கே காயலாங்கடை வண்டி வரும்.

“பேச்சு மாற மாட்டியே?”

“மாற மாட்டேன்.”

“அப்பச் சரி. போய்ச் சாப்புடு.”

அடுத்த ஞாயிறு ஐரின் குடத்தில் போர் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள். விரல் போனது, சொட்டு திரண்டது, கண் மூடியது. “இது கைகழுவ.” குடம் அப்படியே கொய்யாமரத்தின் அடியில் கவிழ்ந்தது. ஐரின் சிரித்தே விட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவன் நான். பார்ப்பதைத் தவிர அந்தக் காருக்கு எதுவும் செய்ததில்லை. எப்போதாவது கேட்டைத் திறந்து உள்ளே போனால், “தம்பிக்கு ஒரு டீ போடு ஐரினு” என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அவர் கையில் எப்போதும் பால் விடாத கடுங்காப்பி. கிரீஸ் விரல்களுக்கு நடுவே அந்தக் கறுப்புத் தம்ளரும் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் போலத்தான் இருக்கும். அவருக்குப் பால் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் ஷெட்டைத் திறந்தார். “பாரம் வேணும். ஏறுங்க தம்பி. அந்தப் பக்கம் பிரேக்கு கெடையாது, பயப்படாதீக.” பின்சீட்டில் கிளெமென்ட் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். “பாதி மலையில கேப்ப, அதான்” என்றான்.

அடிவாரம் தாண்டியதும் அக்காவின் வாய் அவரையே ஓட்டத் தொடங்கியது. “செகண்டு... ஆரன் அடி... விடு, விடு, இப்பத் திருப்பு.” இருபத்திரண்டு வருடம் பிறருக்குச் சொன்னதை முதல்முறையாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடேறிய சீட்டிலிருந்து பழைய மல்லிகை வாசனை எழுந்தது.

“அக்கா, முள்ளு ஏறுது.”

“ஏறும். பாதியில நிக்கும், பாரு.”

எட்டாவது வளைவில் முள் பாதியைத் தொட்டது. கிளெமென்ட் கேனின் மூடியைத் திருகினான். அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா கையை நீட்டி ஏசியைப் போட்டார்.

“கிறுக்கா உனக்கு? மலையேறும்போது ஏசியா? பொசுங்கிரும்!”

“உனக்குத்தான் வேர்க்குது. அதுக்கு வேர்க்கல.”

பத்து, பதிமூன்று, பதினாறு. முள் பாதியில் நின்றது, ஆணி அடித்தது போல. கடைசி வளைவும் முடிந்து சமதளத்தில், மலைவாழைப்பழம் விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. இறங்கிப் பானட்டைத் திறந்து வைத்தார். ஆவி இல்லை, சொட்டு இல்லை. இரண்டு விசிறிகள் மட்டும் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன.

பின்கதவைத் திறந்து தம்பியின் மடியிலிருந்த கேனை எடுத்தார். விரலை விடவில்லை, ருசி பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடித்தார். மூச்சு விட்டுவிட்டு, கழுத்தில் வழிய வழிய, ஞாயிற்றுக்கிழமைச் சேலை நனைய, கேன் பாதியாகும்வரை குடித்தார்.

“அது ரேடியேட்டருக்குக் கொண்டாந்தது” என்றான் கிளெமென்ட்.

“அதுக்கு வேணாமாம்” என்று புறங்கையால் வாயைத் துடைத்தார்.

பிராய்லர் கடை வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஐரின் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். மலையுச்சியில் அக்கா தண்ணீர் குடித்ததைப் பற்றிச் சொன்னேன், கிளெமென்டைச் சீண்டத்தான் அப்படிக் குடித்தார் என்று. ஐரின் தட்டைத் திரும்ப வாங்காமல் நின்றாள்.

“சீண்டவா? தம்பி, ஜூன் மாசத்துலருந்து அவுக நல்ல தண்ணி ஒரு வாய் குடிக்கல. அவுக பங்க முழுசா காருக்கு ஊத்திட்டாக. அவுக குடிச்சது போர் தண்ணிதான், காய்ச்சி. ஒரு கேன் வாங்குங்க மதினின்னா, வாங்குனா உன் புருசன் செயிச்சிருவான்னாக. அந்தத் தண்ணியில பால ஊத்துனா திரிஞ்சிரும். அதான் கடுங்காப்பி.”