அந்தோணியாரின் உள்ளங்கை

என் அக்காவின் கணவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. தெருவுக்கு அவர் 'பட்டி'. அடிபட்ட காரின் பள்ளத்தில் பட்டி என்கிற பசையைப் பூசி நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து, அடிபட்ட சுவடே இல்லாமல் ஆக்கித் தருவது அவர் வேலை. வண்டி வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒருமுறை கையால் தடவிவிட்டு, "இந்தக் கதவு மரத்துல மோதினது, இந்த பானெட் மாத்தினது" என்று ஜாதகம் சொல்வார். விற்க வந்தவன் முகம் சுண்டிப்போகும்.

அவருக்கு ஒரு தம்பி. வீட்டில் சின்னவன் என்போம். அதே ஷெட்டில், அதே தொழிலில் வளர்ந்தவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அத்தானுக்கு முதுகுத்தண்டு விலகி, ஒரு மாதம் பலகைமேல் படுத்துக் கிடந்தார். சின்னவன் தனியாக ஷெட்டைப் பார்த்துக்கொண்டான். மாதக் கடைசியில் அத்தான் கம்பு ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. நாலு நாளாகத் திறக்கவில்லை என்றார் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர். பிரைமர் மட்டும் அடித்திருந்த கார் ஒன்று வெளியே மழையில் நனைந்து துருப்பிடித்து நின்றது. சாயங்காலம்தான் சின்னவன் வந்து சேர்ந்தான்.

"நாலு நாள் எங்கடா போன?"

சின்னவன் குனிந்து ஷட்டரைத் தூக்கினான்.

"குடிச்சிட்டு எங்கயாவது விழுந்து கிடந்தியா?"

சின்னவன் குடிக்கிற ஆளில்லை. அது அத்தானுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை வந்துவிட்டது, அதுவும் பஞ்சர் கடைக்காரர் முன்னால். மறுநாள் காலையில் சின்னவன் தன்னுடைய பட்டித் தகட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன் நம்பரை மாற்றிவிட்டான். எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதே எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அத்தானுக்கு அந்தோணியார் பழக்கம் வந்தது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று ஊரெல்லாம் நம்புகிற புனிதர். சாவி, மோதிரம், சான்றிதழ் என்று ஆளுக்கொன்றைத் தொலைத்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் முன்னால் வந்து நிற்பார்கள். அத்தான் மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு, அந்த வாசனையோடே வருவார். செபப் புத்தகம் எதுவும் கிடையாது. கோவிலின் வலதுபக்கப் பீடத்தில் ஓராள் உயரச் சுரூபம். பழுப்பு அங்கி, இடுப்பில் மூன்று முடிச்சுக் கயிறு, ஒரு கையில் பாலன் இயேசுவும் ஒரு லீலி மலரும், மறு கை நம்மை நோக்கி விரிந்திருக்கும். அந்த விரிந்த உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை பக்கத்தில் நின்றதில் என் காதில் விழுந்தது.

"அவனை எனக்குக் கண்டுபிடிச்சுக் குடு. வந்தா திட்ட மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்பத் திட்ட மாட்டேன்."

இந்த வருஷம் கோவில் கூரை ஒழுகி அந்தோணியாரின் தோளில் பெயின்ட் செதில் செதிலாக எழும்பிவிட்டது. கோவில் காரியங்களைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார், சரக்கு வண்டியில் சுரூபத்தைப் படுக்க வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, வெள்ளிக்கிழமை காலையில் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். லீலி மலரைத் தனியாகக் கழற்றித் தன் மடியில் வைத்திருந்தார்.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள வேணும்ப்பா. வெறும் பீடத்தைப் பார்த்தா சனங்க என்னைத் தொலைச்சிடுவாங்க."

"தொலைச்சா கண்டுபிடிக்க ஆளு நம்ம கையில இருக்காரே" என்றார் அத்தான்.

உபதேசியார் சிரிக்கவில்லை. "மேலாகத் தேய்ச்சு அடிச்சாப் போதும். ரொம்பத் தோண்டாதே" என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மேலாக வேலை செய்யத் தெரிந்தால் அவர் பட்டி ஆகியிருக்க மாட்டார். சனிக்கிழமை காலை முழுக்கப் பழைய பெயின்டைத் தேய்த்தார். கதவுகளைச் சாய்த்து வைக்கிற இரும்பு ஸ்டாண்டில் அந்தோணியார் சாய்ந்திருந்தார். மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் போனபோது அத்தான் வேலையை நிறுத்திவிட்டுக் கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, இந்தத் தாடையைத் தடவிப் பாரு."

தடவினேன். மரம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அரம் போட்டிருக்கு. இங்க முன்னாடி ஏதோ இருந்திருக்கு, யாரோ ராவி எடுத்திருக்காங்க. தாடி மாதிரி. அந்தோணியாருக்கு ஏது தாடி?"

அதோடு முடியவில்லை. சுரூபம் மரம், பாலன் இயேசு சுண்ணாம்புக் கலவை. ரெண்டையும் சேர்த்திருந்தது காருக்குப் போடுகிற ஸ்க்ரூ. விரிந்த உள்ளங்கையில் பெயின்டுக்குக் கீழே மரம் இல்லை, வட்டமாகப் பட்டி. பட்டியை ஓரமாகச் சுரண்டினால் கீழே சிவப்புச் சாயம் பூசிய ஒரு குழி. பாலனைக் கழற்றிப் பட்டியை முழுசாக எடுத்தால் அந்தக் கையிலும் அப்படியே. ரெண்டு பாதத்திலும். வலது விலாவில் அங்கி கிழிந்தாற்போல் செதுக்கிய ஒரு வெட்டு, அதிலும் பட்டி.

"ஆண்டவரா இருக்குமோ?" என்றார் அத்தான். "ஆனா ஆண்டவருக்கு ஏது இந்தக் கயிறும் உச்சந்தலையில வட்டமா மழிச்ச மொட்டையும்?"

அக்காதான் சொன்னாள். அவளுக்குப் புனிதர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள் மாதிரி. "அசிசியார். பிரான்சிஸ். ஆண்டவரோட அஞ்சு காயத்தையும் தன் உடம்புல வாங்கினவர். அவருக்குத் தாடி உண்டு. கையில பாலன் இருக்காது."

ஷெட்டில் கம்ப்ரெஸர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அத்தான் எழுந்து போய் அதை அணைத்தார். திரும்பி வந்து சுரூபத்தின் முன்னால் நின்றார். அறிமுகமில்லாத ஆளின் கையை இத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டதைப் போல ஒரு கூச்சம் அவர் முகத்தில்.

"அப்ப பதினோரு வருஷமா நான் யார்கிட்டப் பேசினேன்?"

"ரெண்டு பேரும் ஒரே மடத்து ஆளுங்கதானே" என்றாள் அக்கா. "அவர் இல்லேன்னா இவர் போனை எடுத்திருப்பார்."

"எடுத்தவர் ராங் நம்பர்னு சொல்லியிருக்கணும்ல?"

"உங்க பேச்சை நிறுத்தினாத்தானே அவர் சொல்ல முடியும்."

அக்கா சிரிப்புக்காகச் சொன்னாள். அத்தான் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து விரிந்த உள்ளங்கையில் மீதமிருந்த பட்டியை மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். மேல் பூச்சு மஞ்சள். அது கரைந்ததும் கீழ்ப் பூச்சு சாம்பல் நிறம். அந்தச் சாம்பலின் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் தடம் தங்கிவிட்டது, ரேகையோடு. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

அத்தானின் கை நின்றுவிட்டது.

முதல் பூச்சு இறுகிவிட்டதா என்று பார்க்க ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. அத்தான் நகத்தால் கீறிப் பார்ப்பார். சின்னவன் கட்டைவிரலை வைத்து அழுத்துவான். "பதிஞ்சிடுதுடா, அப்புறம் ரெண்டாவது பூச்சு அந்தக் குழியில போய் உக்காருது" என்று அத்தான் எத்தனையோ தடவை திட்டியும் அவன் விடவில்லை. பதினாறு வயதில் கிரைண்டரில் கிழிபட்டுத் தையல் போட்ட கட்டைவிரல் அது.

"நாலு நாள்" என்றார் அத்தான்.

அக்கா சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். ஊரிலேயே பெரிய கை என்று பெயர் வாங்கிய கையை, தம்பி பூசிய பட்டிமேலேயே செவ்வாய்க்குச் செவ்வாய் வைத்து, தம்பியைத் தேடித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். மரம் எங்கே முடிகிறது, பட்டி எங்கே தொடங்குகிறது என்று ஒரு தடவைகூட அந்தக் கைக்குத் தெரியவில்லை.

உபதேசியார் வீட்டுக்கு அத்தான் பைக்கில் போனார்; நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கிழவர் வாசலில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அத்தானின் கையில் ஒட்டியிருந்த சாம்பல் தூளைப் பார்த்ததுமே சுத்தியலை வைத்துவிட்டார்.

"தோண்டாதேன்னு சொன்னேன்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பழைய அந்தோணியார் ஒரு வியாழக்கிழமை பீடத்தோடு சரிந்து நொறுங்கிவிட்டார். பாலன் மட்டும் முழுசாகக் கிடைத்தார். அப்போது இருந்த பங்குச் சாமியாருக்குப் பயம். செவ்வாய்க்கிழமை கூட்டம் இதை ஏதோ தண்டனை என்று எடுத்துக்கொள்ளும் என்று. பொருள் அறையில் யாரோ எப்போதோ கொடுத்த அசிசியார் தூசியோடு நின்றிருந்தார். சின்னவனைக் கூப்பிட்டார்கள். பொருள் அறையிலேயே நாலு நாள் பூட்டிக்கொண்டு வேலை செய்தான். யாரிடமும் சொல்வதில்லை என்று மூன்று பேரும் நற்கருணைப் பெட்டிமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். அந்தச் சாமியாரும் இப்போது உயிரோடு இல்லை.

"அண்ணன்கிட்டகூடவாய்யா சொல்லக் கூடாது?"

"சத்தியத்துல அண்ணன் தம்பின்னு தனியா இல்லையேப்பா. அதுவும் உன் வாய்... ஷெட்டுக்கு வர்ற ஒவ்வொரு வண்டிகிட்டயும் சொல்லியிருப்பே."

அத்தான் படியில் உட்கார்ந்தார். "அவன் உயிரோட இருக்கானான்னாவது தெரியுமா?"

"நல்லா இருக்கான். வருஷத்துக்கு ரெண்டு தடவை பேசுவான். நிறம் மங்கலையே, விரிசல் விடலையேன்னு கேப்பான். அப்புறம் அண்ணன் முதுகு எப்படி இருக்குன்னு கேப்பான்."

அத்தானுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார்.

"யோவ், பதினோரு வருஷம்! வாரா வாரம் உங்க கண்ணு முன்னாலதானே நின்னு அழுதேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

உபதேசியாரும் எழுந்துவிட்டார். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"நீ என்கிட்டக் கேக்கவே இல்லையேப்பா! அவர்கிட்டதானே கேட்ட!"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். கிழவர் உள்ளே போய் ஒரு காகிதத்தில் நம்பரை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார்.

ஷெட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தான் ரெண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார். "இது அந்தோணியார் குடுத்ததா, அசிசியார் குடுத்ததா?" என்று முதல் இடத்தில் கேட்டார். அடுத்த இடத்தில், "யாருமே குடுக்கலியோ? நான் தோண்டினதால வந்ததோ?" நான் ரெண்டுக்கும் 'தெரியலை அத்தான்' என்றேன். அவரும் என்னிடம் கேட்டதாகத் தோன்றவில்லை.

ஷெட்டில் சுரூபத்தின் முன்னால் நின்றுகொண்டுதான் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் அக்கா. எடுத்தார்கள். அந்தப் பக்கமும் ஒரு கம்ப்ரெஸர் உறுமுகிற சத்தம்.

"யாரு?"

அக்கா அத்தானை இடுப்பில் இடித்தாள்.

"கையில பட்டி வச்சது நீதானேடா" என்றார். பதினோரு வருஷம் கழித்து முதல் பேச்சு.

அந்தப் பக்கம் கம்ப்ரெஸர் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"இல்லடா. என்னால முடியல. வாரா வாரம் தடவியிருக்கேன்டா. ஒட்டு தெரியல." அத்தான் மூக்கை உறிஞ்சினார். "இன்னிக்குப் பிரிச்சுப் பார்த்ததாலதான் தெரிஞ்சுது. அவ்வளவு சுத்தமா பண்ணியிருக்கே. ஆனா கட்டைவிரலை ஏன்டா வச்சு அழுத்துற? எத்தனை தடவை சொன்னேன்?"

சின்னவன் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது. ஸ்பீக்கரில் ரெண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது.

"அன்னிக்கு நான் சொன்ன வார்த்தை..." என்று ஆரம்பித்தார் அத்தான்.

"அதை விடு. இப்ப அவரை என்ன பண்ணப் போற? மறுபடியும் அந்தோணியார் ஆக்கணுமா, அசிசியாராவே விடணுமா?"

"எனக்குத் தெரியலடா. அதான் கேக்கறேன். நீ வந்து சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு லாரியின் ஹாரன், யாரோ சின்னவனைக் கூப்பிடும் குரல், "பாக்கறேன்ணே" என்று ஒரு வார்த்தை. போன் நின்றுவிட்டது.

"வரேன்னானா, வரமாட்டேன்னானா?" அத்தான் எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாக்கறேன்னு சொன்னார்" என்றாள் அக்கா.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

ஞாயிறும் திங்களும் அத்தான் சுரூபத்தைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் உபதேசியார் வந்து கத்தினார், கெஞ்சினார், கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தான் அசையவில்லை. பீடம் காலியாக இருக்கும் செய்தி எப்படியோ பரவி, சாயங்காலம் கூட்டம் ஷெட்டைத் தேடி வந்துவிட்டது. கழற்றிப் போட்ட பம்பர்களுக்கு நடுவே இடம் பார்த்து முழங்கால் போட்டார்கள்.

"மெழுகுவர்த்தி கொளுத்தாதீங்கம்மா! தின்னர் இருக்கு! எல்லாரும் சேர்ந்து மோட்சத்துக்குப் போயிடுவோம்!" என்று அத்தான் அங்குமிங்கும் ஓடி ஊதி அணைத்துக்கொண்டிருந்தார்.

பாலன் இல்லாத, தாடி இல்லாத, உள்ளங்கையில் ஒன்று குழியாகவும் ஒன்று பாதிப் பட்டியாகவும் நின்றவரை ஒரு அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, இவர் இப்ப யாரு?"

"இன்னும் முடியலம்மா" என்றார் அத்தான். "வேலை தெரிஞ்ச ஆள் வரணும்."

"எப்ப வருவாங்க?"

அத்தான் தெருவை எட்டிப் பார்த்தார். அதற்குள் இன்னொரு மூலையில் யாரோ தீக்குச்சி உரசினார்கள், அங்கே ஓடினார்.