சாவி கொடுக்கும் வாட்ச்தான் வேண்டுமாம்

கணவர் மறைக்கிற ஒன்றை மனைவி கண்டுபிடித்துவிட்டால், அதை அவரிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா? கொஞ்ச நாளாக இதே யோசனைதான். இன்னும் விடை தெரியவில்லை.

போன வாரம் குழந்தைக்குப் பால் காய்ச்சும்போது மணி பார்க்க அவருடைய வாட்சை எடுத்தேன். நின்றிருந்தது.

கல்யாணத்தில் அப்பா அவருக்குப் போட்ட ஆட்டோமேட்டிக் வாட்ச் அது. சாவி கொடுக்க வேண்டியதில்லை. கை அசைய அசையத் தானே ஓடும். அவர் பட்டு நெய்கிறவர். இழையை அடித்து இறுக்கும் பலகையை நாளெல்லாம் இடது கையால்தான் இழுப்பார். பட்டில் மாட்டாமலிருக்க வாட்சின் மேல் ஒரு துணிப்பட்டை சுற்றிக்கொள்வார். அப்படிப்பட்ட கையில் வாட்ச் நிற்குமா?

நிற்கும்... அமாவாசைக்கு. அன்று எங்கள் காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார மாட்டார்கள். அவரும் வாட்சை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்குவார். மறுநாள் அது நின்று கிடக்கும். "கடியாரமும் லீவு எடுத்துக்கினுது பாரு" என்று என் மாமியார் சிரிப்பார்.

ஆனால் போன வாரம் அமாவாசை இல்லையே? காலண்டரை இரண்டு முறை பார்த்தேன்.

"வாட்ச்சு பழசாயிடுச்சிம்மா" என்றார் அவர். "இத்தக் குடுத்துட்டு வேற எடுத்துக்கலாம். காந்தி ரோட்டுல சாவி குடுக்கிற வாட்ச்சு ஒண்ணு பாத்தேன். தேதி கூடக் காட்டுது."

ஆட்டோமேட்டிக்கை விட்டுச் சாவி வாட்சுக்குப் போகிறவர் உண்டா? சைக்கிளை விற்றுவிட்டுச் செருப்பு வாங்குகிற மாதிரி இல்லையா இது?

ரிப்பேர்தானா என்று பார்க்க நானே அதைக் கட்டிக்கொண்டேன். மாமியார் விடுவாரா?

"இன்னாமா கலெக்டரம்மா, அரிசி களைய டைம் ஆயிடுச்சா?"

தூளி ஆட்டினேன், மாவு அரைத்தேன், துணி துவைத்தேன். வாட்ச் ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை.

பிறகுதான் தறியைக் கவனித்தேன். பலகையை வலது கையால் இழுத்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது — யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் உடம்பே சாய்ந்து நிமிர்ந்தது. தினமும் அந்தப் பக்கம் போகிறவள்தானே நான்? எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

குழந்தையை நீட்டினேன். முன்பெல்லாம் ஒரே கையில் வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார். இப்போது, "பாயில உடும்மா, வேல கீது" என்றார்.

"ஏங்க, கை வலிக்குதா?"

"கைக்கு இன்னா? உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்பா."

அதுவும் உண்மைதான். குழந்தை தும்மினாலே டாக்டரிடம் ஓடுகிறவள் நான். இதுவும் என் வழக்கமான பயமாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொள்கிறேன்.

அவர் ஏன் மறைக்கிறார் என்பது மட்டும் புரிகிறது. அடுத்த தெருவில் நெய்கிற ஒருவருக்குக் கை மரத்துப்போனது. அது தெரிந்ததும் முதலாளி அவருக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் பட்டு நூல், கொடுப்பதை நிறுத்திவிட்டார். பாவு இல்லையென்றால் தறி வெறும் கட்டைதான். அன்று சாப்பிடும்போது இவர் சொன்னார்: "நல்ல கை இருக்கிறவனுக்கே பாவு கெடைக்கல. அவனுக்கு யார் குடுப்பா?" சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். எனக்கு அன்று ஒன்றும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும். போகாவிட்டால்? இன்று மரத்த கை நாளைக்கு என்ன ஆகும்? நான் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

புதிது வாங்குகிறோம் என்கிறோம். பல நேரம், பழையது சொல்கிற உண்மையைக் கேட்கப் பிடிக்காமல்தான் வாங்குகிறோமோ என்னவோ. சாவி வாட்ச் வந்துவிட்டால் அது யார் கையிலும் ஓடும், எந்தக் கையிலும் ஓடும். அப்புறம் எனக்கு யார் சொல்வார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் காலையில் அவர் எழுவதற்குள் அந்த வாட்சை எடுத்து நானே ஆட்டி வைக்கிறேன். அது நின்று கிடப்பது மாமியார் கண்ணில் படக் கூடாதே என்றுதான். அவர் மறைக்கிறார் என்று குறை சொல்லும் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், பாருங்கள்.

தீபாவளிக்கு முன் வாட்சை மாற்றிவிடலாம் என்கிறார். இதைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேர் குடும்பம் நடத்தித் தேர்ந்தவர்கள். அதற்குள் ஒரு வரி எழுதிப் போடுங்கள் — அவரை நான் எங்கே அழைத்துப் போகட்டும், கடிகாரக் கடைக்கா, ஆஸ்பத்திரிக்கா?