வாளியில் மூழ்காத ஜாயின்ட்

1. முதல் நாள்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மோட்டர் வைண்டிங் பிரிவை மூடியபோது எனக்கு வயது இருபத்தொன்பது. மறுநாளே மாரண்டஹள்ளியில் அப்பாவின் ரிப்பேர் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஐடிஐ சர்டிபிகேட், ஆறு வருஷ அனுபவம், புது டெஸ்டர், எல்லாம் கையில் இருந்தது. கொஞ்சம் திமிரும் இருந்தது.

முதல் கஸ்டமர் ஒரு மிக்ஸியோடு வந்தார். என்னைப் பார்த்தார், கடைக்குள் எட்டிப் பார்த்தார். "அண்ணன் இல்லீங்களா?" என்றார். வெளியே போயிருக்கிறார், கொடுங்கள் நான் பார்க்கிறேன் என்றேன். "பரவால்லீங்க, அவரே வரட்டும்" என்று மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்து ஃபேன், அதற்கடுத்து அயர்ன் பாக்ஸ். அப்பா திரும்பி வரும்போது ஐந்து பேர் ஆளுக்கொரு சாமானை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மிக்ஸியைப் பிடுங்கி ரோட்டில் போட்டிருப்பேன்.

அப்பா மிக்ஸியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த ஆளின் காதில் விழும்படி, "செல்வி, இதக் கொஞ்சம் பாரும்மா, எனக்குப் புரிய மாட்டேங்குது" என்று என்னிடம் நீட்டினார்.

என் அப்பா நடேசன் மெக்கானிக்குக்குப் புரியாத மிக்ஸி இந்த ஜில்லாவிலேயே கிடையாது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் மாற்றிக் கொடுத்தேன். அந்த ஆள் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மீதி நான்கு சாமான்களும் அப்பாவுக்குப் புரியவில்லை. பொய் சொல்லும்போது மனுஷன் முகத்தில் ஒரு சலனம் இருக்க வேண்டுமே, கிடையாது.

2. கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அப்பா மோட்டர் மெக்கானிக் மட்டும் இல்லை. போர்டில் அப்படி எழுதியிருந்தது, யாரும் அதைப் படித்ததில்லை. பூட்டுக்குச் சாவி தொலைந்தால் அவரிடம்தான் வருவார்கள். குக்கர் கைப்பிடி, தையல் மெஷின், கோவிலில் பூஜைக்கு அடிக்கிற கரண்ட் மேளம், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் வால்வு, எல்லாம் அவர் தலையில்தான். ஒருமுறை ஒரு ஆயா தன் பல்செட்டையே கொண்டுவந்து நீட்டியது. எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. "கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேங்க" என்பார். பல்செட்டுக்கும் அதையே சொன்னார். கழற்ற அதில் என்ன இருக்கிறது?

சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும். பாதிச் சோற்றில் எழுந்து போவார். அம்மா இருந்தவரை அதற்காகத் தினமும் சண்டை. அம்மா போன பிறகு அந்தச் சண்டையை நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் செய்த வேலைகளில் என் மனசில் நிற்பது ஒரு சின்ன வேலை. ஊருக்கு வெளியே மாதம்மாக்காவுக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு போர்வெல். அக்காவின் வீட்டுக்காரர் நல்ல உயரம். ஸ்டார்ட்டர் பெட்டியை அவர் உயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். அவர் இறந்த பிறகு மோட்டர் போட அக்கா ஒரு கல்லைப் போட்டு ஏறி நிற்பாள். அப்பா ஃபியூஸ் மாற்றப் போனவர் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறார். யாரும் சொல்லாமலே பெட்டியைக் கழற்றி ஒன்றரை அடி கீழே இறக்கி மாட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டில்கூடச் சொல்லவில்லை. மாதம்மாக்கா சந்தையில் என்னைப் பார்த்தபோது சொல்லித்தான் எனக்கே தெரியும்.

3. வாளி

சப்மர்சிபிள் மோட்டர் போருக்குள் எழுநூறு அடியில் தண்ணீருக்குள் கிடக்கும். மோட்டரின் ஒயரையும் மேலிருந்து வரும் கேபிளையும் சேர்க்கும் இடத்துக்குத்தான் ஜாயின்ட் என்று பேர். அதன்மேல் ரப்பர் டேப், அதற்குமேல் பிவிசி டேப் சுற்ற வேண்டும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் கதை முடிந்தது. ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகி அணைந்துவிடும், கவனிக்காமல் விட்டால் மோட்டரே புகைந்துவிடும்.

அதனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம். ஜாயின்ட் போட்டதும் அதை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைப்பார். முழுசாக ஒரு மணி நேரம். பிறகு மெக்கர் என்கிற மீட்டரை வைத்து, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். நன்றாக இருந்தால்தான் மோட்டர் குழிக்குள் இறங்கும். மற்ற மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் அடுத்த தோட்டத்துக்கே போய்விடுவார்கள். அப்பா வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் இடக்கைக்காரி. அப்பா டேப் சுற்றினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறும், நான் சுற்றினால் அதற்கு எதிர்ப்பக்கம். ஜாயின்ட்டைப் பார்த்தாலே யார் போட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

4. தை மாதத்து அவசரம்

கடைசி இரண்டு வருஷம் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, நெஞ்சிலும் வலி. வேலை முழுக்க நான்தான் செய்தேன். ஆனால் போன் என்னவோ அவருக்குத்தான் வரும். அவர் கூட வருவார், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்ததும் தோட்டத்துக்காரர்கள் அவரிடம்தான் நன்றி சொல்வார்கள். "எனக்கு எதுக்குங்க, அவ செஞ்சது" என்பார். அவர்கள் சிரித்துக்கொள்வார்கள். பெரியவர் பெருந்தன்மைக்குச் சொல்கிறார் என்று நினைப்பு.

தை மாதம் மாதம்மாக்காவின் மோட்டரை ரீவைண்டிங் செய்து, அதாவது உள்ளே புதுக் கம்பி சுற்றி, திரும்ப இறக்கப் போனோம். மோட்டர் தூக்கும் வண்டிக்காரருக்கு நல்லம்பள்ளியில் அடுத்த வேலை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்க்கிறார். மோட்டருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் வேறு அன்றைக்கு மத்தியானத்தோடு போய்விடும். நான் ஜாயின்ட் போட்டேன், டேப் சுற்றினேன். அழகாகத்தான் இருந்தது.

அப்பா நாற்காலியிலிருந்து, "வாளி?" என்றார்.

"வேண்டாம்ப்பா, நல்லா உக்காந்திருக்கு" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வண்டிக்காரரும் அவர் ஆட்களும் சுற்றி நின்றார்கள். மோட்டர் இறங்கியது. ஸ்விட்ச் போட்டோம், தண்ணீர் கொட்டியது. அதற்கு முன்னால், மோட்டரை இறக்க நாங்கள் பைப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா மெதுவாக எழுந்து போய் மாதம்மாக்காவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தக்காளி நாற்றைப் பற்றி இருக்கும் என்று நினைத்தேன்.

மாசி மாதம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். சாவுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் அவர் சரிசெய்து கொடுத்த ஏதோ ஒரு சாமானைச் சொல்லி அழுதார்கள். பல்செட்டு ஆயாவும் வந்தது. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

5. டேப் சாய்ந்த பக்கம்

அப்பாவுக்கு முப்பதாம் நாள் காரியம் கும்பிட்டு நாலாவது நாள் மாதம்மாக்கா போன் செய்தாள். ஸ்டார்ட்டர் பிடிக்கவில்லை, போட்டதும் ட்ரிப் ஆகிறது. தோட்டம் முழுக்கத் தக்காளி காய் பிடித்து நிற்கிறது. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும், அந்த வருஷத்து வெள்ளாமை அவ்வளவுதான். மோட்டர் எரிந்திருந்தால் ரீவைண்டிங்குக்கே மூன்று நாள் ஆகும்.

அதே வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். பைப்பை மேலே இழுத்துக்கொண்டிருக்கும்போதே மாதம்மாக்கா சத்தமாக, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"பாவம், உங்கப்பாரு கண்ணு தெரியாத வயசுல போட்ட ஜாயின்ட்டு. அதான் போயிருக்கும். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

வண்டிக்காரரும் தலையாட்டினார்; அன்று போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஜாயின்ட் போட்டது யாரென்று அவர் கவனிக்கவில்லை போல. பெரியவரைக் கடைசி காலத்தில் வேலைக்கு விட்டிருக்கக் கூடாது என்றார். நான் ஏறி வரும் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. அப்பாவை இனி யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

மோட்டர் மேலே வந்தது. டேப் என் பக்கம்தான் சாய்ந்திருந்தது. பிளேடால் கீறினேன், உள்ளேயிருந்து தண்ணீர் வடிந்தது. மோட்டர் ஒயரில் மெக்கர் வைத்தேன். மோட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பப் போடாமல் நிறுத்திவைத்ததால் பிழைத்தது. புது ஜாயின்ட் போட்டால் இன்றைக்கே தண்ணீர் வந்துவிடும். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

பழைய டேப் கையில் சுருண்டு கிடந்தது. முதல் நாள் மடியில் மிக்ஸியோடு உட்கார்ந்திருந்த ஆளும், "எனக்குப் புரிய மாட்டேங்குது" என்ற அப்பாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். என்னால் மறைக்க முடியவில்லை.

"அக்கா, இது அப்பா போட்டதில்ல. நான் போட்டது. வாளி வெக்கச் சொன்னாரு, நான்தான் வெக்கல" என்றேன்.

வண்டிக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். மாதம்மாக்கா என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் கண்ணு," என்றாள். "அன்னிக்கே உங்கப்பாரு எங்கிட்ட வந்து சொல்லிட்டாரு. வாளி வெக்காம எறக்கறா, கெட்டாலும் கெடும். கெட்டா எம்பேரச் சொல்லுங்க, நின்னா அவ பேரச் சொல்லுங்கன்னாரு."

தெரிந்தும் ஏன் இறக்க விட்டீர்கள், உங்கள் வெள்ளாமை அல்லவா என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். அதுக்கு உங்கப்பாரு, இத்தன ஆம்பளைங்க முன்னாடி நான் வேண்டாம்னு சொன்னா, நாளைக்கு எவன் அவள வேலைக்குக் கூப்பிடுவான்னாரு. எங்க ஸ்டார்ட்டர் பெட்டிய எறக்கி வெச்ச மனுசன். அவரு கேட்டு நான் எப்படி இல்லேங்கறது?"

அப்பாவின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. திட்டியிருக்கலாமே, அப்படித்தான் போய்த் தொலையட்டுமே என் பேர். பிறகு அந்தக் கோபம் உடைந்து, கேபிளைப் பிடித்துக்கொண்டே அழுதேன். சாவன்றுகூட அப்படி அழவில்லை. வண்டிக்காரர் எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

6. ஒரு மணி நேரம்

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாயின்ட் போட்டேன், என் இடக்கையால், என் பக்கம் சாய்த்து. வாளி கேட்கத் திரும்பினால், மாதம்மாக்கா தண்ணீர் ததும்ப ஒரு வாளியை ஏற்கெனவே பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஜாயின்ட்டை மூழ்க வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தோம். வண்டிக்காரருக்கு அன்றைக்கும் அடுத்த வேலை இருந்தது. முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், போனை எடுக்கவேயில்லை.

மெக்கர் நன்றாகக் காட்டியது. மோட்டர் இறங்கி, வாய்க்காலில் தண்ணீர் தக்காளிப் பாத்திக்குள் திரும்பியதும் மாதம்மாக்கா கேட்டாள்.

"இப்ப யாரு பேரச் சொல்றது?"

"எம்பேரச் சொல்லுங்கக்கா. கெட்டாலும்."

கடை போர்டில் இன்னும் அப்பா பேர்தான் இருக்கிறது. மாற்றுகிற எண்ணம் இல்லை. ஆனால் அந்த நாளிலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், வாளியிலிருந்து ஜாயின்ட்டை எடுத்ததும், நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மோட்டரை இறக்குகிறேன். "இது நான் போட்டதுங்க, செல்வி. கெட்டா எனக்குத்தான் போன் பண்ணணும்." சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டால் வாளியை விட மனசு வராது. அப்பாவுக்கு இனிமேலாவது கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்.