டீச்சரின் கீழ்வரிசைப் பற்கள்

2023 ஜூன் 12 – ரூ. 900
2023 டிசம்பர் 18 – ரூ. 900
2024 ஜூலை 8 – ரூ. 0
2024 ஜூலை 15 – ரூ. 0

சுப்புலக்ஷ்மி டீச்சர் பல் சுத்தம் செய்துகொண்ட தேதிகளும் கட்டிய பணமும் இவை. கடைசி இரண்டு முறையும் பணம் வாங்காததற்குக் காரணம் பெர்சிஸ்.

வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையில் பெர்சிஸ் பல் சுத்தம் செய்கிறவள். கை பட்டதே தெரியாது என்று ஊருக்குள் பெயர். உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் பிச்சைக்கண்ணு, வெற்றிலைக் கறையோடு வந்து உட்கார்ந்து, "யம்மா, நீயே பாரு. டாக்டரு கைய வச்சாருன்னா நான் எந்திரிச்சு ஓடிருவேன்" என்பார். அந்தப் பெயர் பெர்சிஸுக்குப் பிடித்திருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளவும் ஆசைப்பட்டாள்.

டீச்சர் பாளையங்கோட்டைப் பள்ளியில் அவளுக்குக் கணக்கு எடுத்தவர். ஓய்வுபெற்று ஆழ்வார்திருநகரியில் இருந்தார். முதல் தடவை அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லவே பெர்சிஸுக்குக் கூச்சமாக இருந்தது. கீழ் முன்பற்களின் உட்புறம், இறுகிப்போன அழுக்கான காரை கெட்டியாகப் படிந்திருந்தது. கருவி ஈறுக்கடியில் போனதும் டீச்சர் கையை உயர்த்தினார்.

"போறும்டி."

"இன்னும் கொஞ்சந்தான் டீச்சர்."

"போறும்னா போறும்."

வகுப்பில் அந்தக் கை உயர்ந்தால் பின்வரிசைகூட அடங்கிப்போகும். பெர்சிஸின் கையும் தானாக நின்றது. கண்ணுக்குத் தெரிந்த காரையை மட்டும் எடுத்து, பளிச்சென்று ஆக்கி அனுப்பிவிட்டாள். டிசம்பரிலும் அப்படியே. "எங்க பெர்சிஸ் தொட்டா வலியே தெரியாது" என்று டீச்சர் தெரு முழுக்கச் சொல்லிவைத்தார்.

ஜூலையில் வந்தபோது கீழ்ப்பற்களில் இரண்டு ஆடின. டாக்டர் குமரவேல் ஈறுக்குள் அளந்து பார்த்தார்.

"அடியில காரை அப்படியே இருக்கு. சுகரும் இருக்கு. முழுசா எடுத்தாத்தான் ரெண்டும் நிக்குமான்னு தெரியும்."

"நாந்தான் விட்டுட்டேன் சார்," என்றாள் பெர்சிஸ். "டீச்சர் வேண்டாம்னாங்க. என்னால மீற முடியல."

"வலிச்சா ஊசி போட எங்கிட்டச் சொல்லணும்லா? பாதியில விடலாமா?" என்றவர், பணம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊசி போட்டார்.

மரத்த பிறகும் டீச்சரின் கை உயர்ந்தது. பெர்சிஸ் கருவியை எடுத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கா டீச்சர், பயமா இருக்கா?"

டீச்சர் சற்று யோசித்தார். "பயந்தான்."

"அப்பம் கொஞ்சம் நிறுத்துதேன். ஆனா முடிக்காம எழும்ப விடமாட்டேன்."

"என்னையே அதட்டறியா? ஒன்ன அப்பவே நாலு போட்டிருக்கணும்."

"நீங்க போடல. அதான் எனக்குக் கணக்கு வரல."

டீச்சர் கோணிய வாயோடு சிரித்தார். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சொல்லிவிட்டு, பைய, ஆனால் அடிவரைக்கும் பெர்சிஸ் இறங்கினாள். கை உயர்ந்தபோதெல்லாம் நிறுத்தினாள். தாழ்ந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். கீழ்வரிசைக்கே அன்று பொழுது போய்விட்டது. மேல்வரிசையை அடுத்த வாரம் முடித்தாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அந்த இரண்டு பற்களையே நினைத்துக்கொண்டிருந்தாள். வலிக்கக்கூடாது என்று நினைத்தது டீச்சருக்காகவா, தன் பெயருக்காகவா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவை நிற்குமா என்று பார்ப்பதற்குள் டீச்சரை மகள் மாதுரி புனேவுக்கு அழைத்துப் போய்விட்டாள். பற்கள் என்ன ஆயின என்பது கடிதத்தில்தான் தெரிந்தது. முதல் கடிதத்தில் குளிர்ந்த நீர் கூசுகிறது என்றிருந்தது. இரண்டாவதில் ஆட்டம் குறையவில்லை என்றிருந்தது.

மூன்றாவதுதான் கடைசி. "ஒன்றை எடுத்துவிட்டார்கள். மற்றது உறுதியாக நிற்கிறது. முதல் தடவையே நீ என்னை அதட்டியிருக்கலாம். நானும் கையைத் தூக்காமல் இருந்திருக்கலாம். இனிப் பல்லைப் பற்றி எழுத ஒன்றுமில்லை" என்று டீச்சர் எழுதியிருந்தார். அது வந்து சேர்ந்தது 2025 பிப்ரவரி 19.