மச்சான் வைத்த உலை

நைட் ஷிப்டுக்காரனுக்குப் பகல்தான் ராத்திரி. இதைப் படப்பை வெயிலுக்கு யார் எடுத்துச் சொல்வது? எங்கள் போர்ஷன் மொட்டை மாடிக்கு நேர் கீழே. மத்தியானம் படுத்தால் முதுகில் தோசை வார்க்கலாம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நான் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். தூக்கமில்லாமல் இரண்டு முறை மெஷின் முன்னால் கண் அசந்துவிட்டேன். இன்னொரு முறை அசந்தால் கேட்டுக்கு வெளியேதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போய்விடுமோ, விரல் போய்விடுமோ என்கிற பயத்தில்தான் ஏசி வாங்கினேன்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இரண்டு மாத ரீடிங் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டக் கூடாது. ஒரு யூனிட் கூடினாலும் முன்னால் ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும்.

"தாண்டிச்சின்னா ஏசிய கழட்டி என் தம்பி வூட்டுக்கு அனுப்பிடுவேன்," என்றாள்.

மறைமலை நகரில் இருக்கும் அந்தத் தம்பி, அதாவது என் மச்சான், எங்கள் ஏசியைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

ரீடிங் எடுப்பவர் வெள்ளிக்கிழமையே வந்திருக்க வேண்டும். மனுஷன் வரவில்லை. சனிக்கிழமை கணக்குப் பார்த்தால் நானூற்றுத் தொண்ணூற்றாறு. வீட்டில் ஊரடங்கு போட்டுவிட்டாள். ஃபிரிட்ஜை அணைத்து, மாவைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். நான் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் புரண்டேன். திங்கள் காலை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஈபி ஆபீசுக்குப் போன் போட்டால், மத்தியானத்துக்குள் ஆள் வந்துவிடும் என்றார்கள்.

பத்து மணிக்கு மச்சான் வந்தான். வண்டியை மாடிப்படிக்குக் கீழே, மீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஏறி வர ஏனோ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். வந்ததும் வராததுமாக டேப்பை எடுத்து ஏசியை அளந்தான்.

"மாமா, கரண்டு சல்லிசா கெடைக்கணும்னா ஒரே வழிதான் கீது. ஸ்டேட்டே காசு போட்டு அணு உலை வைக்கணும்."

"காத்தாடி, சோலார்லாம் இருக்கேடா?"

"காத்து சீசனுக்குத்தான் வரும். சூரியன் நைட் ஷிப்டுக்கு வராது. அணு ஒண்ணுதான் மாமா மூணு ஷிப்டும் பாக்கும், லீவே போடாது. இந்த ஏரியா கம்பெனிக்கும் ஆச்சு, நம்ம வூட்டுக்கும் ஆச்சு."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உலை கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகுமோ, நான் இன்றைக்கு மத்தியானம் தூங்கியாக வேண்டுமே! இரண்டு மணி நேரம் விடாமல் பேசினான். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி, "அந்த உலை வரட்டும், இப்ப சோத்துக்கு உலை வெக்கிறேன், துன்னுட்டுப் போ," என்று கேஸைப் பற்றவைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ரீடிங்காரர் கூப்பிட்டார். மூவரும் இறங்கி ஓடினோம். மனைவி பழைய ரீடிங்கைக் கழித்துப் பார்த்தாள். ஐந்நூற்று ஒன்று.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன். "சத்தியமா ஏசிய தொடல," என்றேன். பக்கத்தில் மச்சான் முகத்தில் சிரிப்பு ஒளிந்து விளையாடியது.

ரீடிங்காரர் படிக்குக் கீழே கை காட்டினார். "சார்ஜ் ஏறிக்கினு இருக்கே, இது யாரு வண்டி?"

மச்சானின் புது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். எங்கள் தண்ணீர் மோட்டார் பிளக்கில் சொகுசாகக் கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவி!" மனைவி ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். "ஸ்டேட்டு உலை வெக்கிறது கெடக்கட்டும். என் வூட்டுக்கே உலை வெச்சிட்டியேடா! இந்த தபா பில்லு உன்னுது. ஏசி எங்கியும் போவாது."

என் பக்கம் திரும்பினாள். "நீங்க போய் படுங்க. இப்ப ஜீரோல இருந்துதான் ஓடுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசியைப் போட்டு, போர்வையை இழுத்துக்கொண்டேன். கீழே மச்சான் கெஞ்சுவது கேட்டது.

"அக்கா, பாதிதான் ஏறிக்கீது. வூடு போய்ச் சேரணுமே!"

"அணு உலை வந்ததும் மீதிய ஏத்திக்கோ," என்றாள்.